முதல் கைத்துப்பாக்கி: ரிவால்வரா, பிஸ்டலா? வேலூர்ப் பகுதி உரிமதாரர்களுக்கு ஒரு மதிப்பீடு

வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கங்களிலிருந்து என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் அதுவரை ஒரு கைத்துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்த்திராதவர்கள். தோல் வியாபாரம் செய்பவர், நகைக்கடை நடத்துபவர், ஊருக்கு வெளியே மாந்தோப்பில் தனி வீடு கட்டிக் குடியிருப்பவர் என்று ஆட்கள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை: முதல் துப்பாக்கியாக ரிவால்வர் வாங்குவதா, பிஸ்டல் வாங்குவதா? இராணுவத்தில் கைத்துப்பாக்கியோடு பழகி, ஓய்வுக்குப் பின் புதிய உரிமதாரர்களுக்குத் தொடக்கப் பயிற்சி அளித்துவருகிறவன் என்ற முறையில் என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பாதுகாப்புக்காக வாங்கி, ஆண்டுக்கு ஓரிரு முறைக்கு மேல் சுட்டுப் பழக வாய்ப்பில்லாதவருக்கு .32 (குழல் துளையின் அளவு, அங்குலத்தில்) ரிவால்வரே ஏற்றது. அதிலும் எடை குறைந்ததைவிட எடை கூடியதே ஏற்றது. பிஸ்டல் தாழ்ந்த ஆயுதம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பிஸ்டல் தன்னை வைத்திருப்பவரிடம் தொடர்ந்த பழக்கத்தை எதிர்பார்க்கிறது, அந்தப் பழக்கத்துக்கு நம் பகுதியில் இடமும் தோட்டாவும் அரிதாகவே கிடைக்கின்றன என்பதற்காகச் சொல்கிறேன்.

நாம் எவற்றுக்கிடையே தேர்ந்தெடுக்க முடியும் என்பதைச் சட்டம் ஏற்கெனவே வரையறுத்துவைத்திருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் இதற்கு அடிப்படை. இராணுவமும் காவல் துறையும் பயன்படுத்தும் 9 மி.மீ. பிஸ்டல் தடை செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. சாதாரணக் குடிமகனுக்கு அதற்கு உரிமம் கிடைப்பதில்லை. வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளைப் பொதுமக்கள் இறக்குமதி செய்வதும் 1980-களின் நடுவிலேயே நிறுத்தப்பட்டுவிட்டதால், அதற்கு முன் நாட்டுக்குள் வந்த வால்தர், கோல்ட், பிரௌனிங் பிஸ்டல்கள் உரிமதாரர்களிடையே கைமாறிக் கைமாறி லட்சக்கணக்கில் விலை போகின்றன. ஆகவே நடைமுறையில் நம் முன் இருப்பவை பெரும்பாலும் .32 அளவுள்ள ரிவால்வரும் .32 அளவுள்ள பிஸ்டலும்தான்.

இதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அமெரிக்கர்கள் எழுதுவதையும் காணொளிகளில் பேசுவதையும் பார்த்துவிட்டு வருகிற இளைஞர்கள், ரிவால்வர் காலாவதியான ஆயுதம் என்று உறுதியாக நம்புகிறார்கள். அங்கே ஒப்பிடப்படுவது பதினைந்து தோட்டா கொள்ளும் 9 மி.மீ. பிஸ்டலையும் ஐந்து தோட்டா கொள்ளும் சின்ன ரிவால்வரையும். அந்த ஒப்பீட்டில் பிஸ்டல் வெல்வது நியாயமே. இங்கே கிடைக்கும் .32 பிஸ்டலின் மேகசினில் (தோட்டாக்களை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகும் பெட்டி) ரிவால்வரின் ஆறு தோட்டாவைவிட ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். வலிமையிலும் பெரிய வேறுபாடு இல்லை. ரிவால்வருக்கான .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 6.3 கிராம் எடையுள்ளது. நொடிக்குச் சுமார் 215 மீட்டர் வேகத்தில் கிளம்பி, ஏறக்குறைய 150 ஜூல் ஆற்றலைத் தருகிறது. பிஸ்டலுக்கான .32 ஏ.சி.பி. தோட்டாவின் குண்டு 4.6 கிராம் எடையில், நொடிக்குச் சுமார் 275 மீட்டர் வேகத்தில், 170 ஜூல் அளவைத் தருகிறது. 9 மி.மீ. தோட்டாவோ 450 ஜூலைத் தாண்டிவிடும். இராணுவத்தில் பதின்மூன்று தோட்டா கொள்ளும் 9 மி.மீ. 1ஏ பிஸ்டலோடு பழகிய என்னைப் போன்றவர்களுக்கு இந்த .32 இரண்டுமே மெலிந்தவையாகத்தான் தோன்றும். ஆக, அங்கே பிஸ்டலுக்குச் சாதகமாக எடை போடும் இரண்டு வாதங்களும் இங்கே நிற்பதில்லை. மிஞ்சுவது, எது பழகாத கையில் பிழையில்லாமல் இயங்கும் என்ற ஒரே கேள்வி.

அளவின் பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் ஆபத்து ஒன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இரண்டும் .32 என்றே அழைக்கப்பட்டாலும் தோட்டாக்கள் வேறு. ரிவால்வர் தோட்டா 1896-இலும் பிஸ்டல் தோட்டா 1899-இலும் பிறந்தவை. வடிவமும் நீளமும் அழுத்தமும் ஒன்றல்ல. பிஸ்டல் தோட்டாவின் அடிப்பகுதியில் சிறிய விளிம்பு இருப்பதால் அது சில ரிவால்வர்களின் தோட்டா அறைக்குள் நுழைந்து நின்றுவிடும். நுழைகிறதே என்று சுட்டுவிடக் கூடாது. தோட்டாப் பெட்டியின் மேல் ரிவால்வருக்கா பிஸ்டலுக்கா என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டே பணம் கொடுங்கள்.

இனி இயக்கத்துக்கு வருவோம். ரிவால்வரின் அமைப்பு எளிது. சுழலும் சிலிண்டரில் தோட்டா உட்காரும் ஆறு அறைகள். விசையை இழுக்கும்போது சிலிண்டர் ஓர் அறை சுழன்று நேர்ப்படுகிறது, ஹேமர் எனும் சிறு சுத்தி பின்னால் போய் முன்னால் விழுந்து தோட்டாவை வெடிக்கச் செய்கிறது. இந்த முழு வேலையையும் சுடுபவரின் விரல்தான் செய்கிறது. பிஸ்டலில், வெடித்த தோட்டாவின் ஆற்றலே ஸ்லைடை (முன்னும் பின்னும் நகரும் மேற்பகுதி) பின்னுக்குத் தள்ளி, வெறும் கூட்டை வெளியே எறிந்து, மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை எடுத்து அறையில் செலுத்துகிறது. முதல் தோட்டாவை மட்டும் நாம் ஸ்லைடை இழுத்து விட்டு ஏற்ற வேண்டும். இந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடக்கக்காரருக்கு முக்கியமான எல்லாமே கிளைக்கின்றன.

முதலாவதும் என் கணக்கில் மிகப் பெரியதுமானது, துப்பாக்கியில் தோட்டா இருக்கிறதா இல்லையா என்பதை அறியும் எளிமை. ரிவால்வரைத் திறந்தால் ஆறு அறைகளும் கண் முன் நிற்கின்றன. இருக்கிறது என்றால் தெரியும், இல்லை என்றால் தெரியும், குழப்பத்துக்கு இடமில்லை. பிஸ்டலில் மேகசினைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்ட பிறகும் அறைக்குள் ஒரு தோட்டா இருக்கலாம். மேகசினை எடுத்துவிட்டோம், இனி வெறும் துப்பாக்கிதான் என்று நினைத்து விசையை அழுத்துவதால் நேரும் விபத்துகள் உலகம் முழுவதும் ஒரே மாதிரி நடக்கின்றன, பழகியவர்களுக்கும் நடக்கின்றன. சரியான வரிசை, மேகசினை முதலில் கழற்றுவது, பிறகு ஸ்லைடை இழுத்துப் பின்னால் பூட்டி அறையைக் கண்ணாலும் விரலாலும் சோதிப்பது. வரிசை மாறி, மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்து விட்டால், வெளியே விழுந்த தோட்டாவின் இடத்தில் அடுத்த தோட்டா ஏறி உட்கார்ந்திருக்கும். பயிற்சியில் இதை எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும், ஆறு மாதம் துப்பாக்கியைத் தொடாமல் இருந்துவிட்டு வருகிறவர் வரிசையை மாற்றிவிடுகிறார். ஆண்டுக்கு ஒருமுறை பீரோவைத் திறந்து எடுத்துத் துடைத்து வைப்பவர்தான் நம்மிடையே அதிகம் என்பதால், இந்த ஒரு காரணத்துக்காகவே ரிவால்வரை முன்வைக்கத் தயங்க மாட்டேன்.

இரண்டாவது, விசையின் கனம். ரிவால்வரில் ஹேமரை முன்கூட்டி இழுத்து வைக்காமல் நேரே விசையை இழுத்தால் பொதுவாக 5 கிலோ அளவுக்கோ அதற்கு மேலோ விரல் அழுத்தம் தேவைப்படும். கட்டைவிரலால் ஹேமரைப் பின்னால் நிறுத்திவிட்டுச் சுட்டால் 2 கிலோவை ஒட்டிய அழுத்தமே போதும். அந்தக் கனத்தைப் புதியவர்கள் குறையாகச் சொல்வதுண்டு. குறி தவறுவதற்கு அது காரணமாவதும் உண்மை. ஆனால் பதற்றத்தில் விரல் தானாக விசையைத் தேடிப்போகும் வேளையில் அந்தக் கனமே காவலாகிறது. இரவில் சத்தம் கேட்டு எழுந்து வருகிறவர் எதிரே பார்ப்பது திருடனை மட்டுமல்ல. தண்ணீர் குடிக்க எழுந்த மகனாகவும் இருக்கலாம். ஆகவே வீட்டுப் பாதுகாப்பில் ஹேமரை முன்கூட்டி இழுத்து வைத்துக்கொண்டு நடமாடும் பழக்கத்தை நான் யாருக்கும் கற்றுத்தருவதில்லை. ஐந்து மீட்டர், ஏழு மீட்டர் தூரத்தில் நீண்ட இழுப்பிலேயே குறிபார்த்துச் சுடப் பழகிக்கொள்ளலாம். வீட்டின் கூடத்துக்கு அதற்கு மேல் தூரம் இல்லை.

மூன்றாவது, தோட்டா வெடிக்காமல் போனால் என்ன செய்வது என்பது. ரிவால்வரில் மீண்டும் விசையை இழுத்தால் போதும், அடுத்த அறை நேர்ப்பட்டுவிடும். பிஸ்டலில் மேகசினின் அடியைத் தட்டி, ஸ்லைடை இழுத்து, பழுதான தோட்டாவை வெளியேற்றிவிட்டு மீண்டும் குறிபார்க்க வேண்டும். இதற்கு இரண்டு கைகளும் தெளிவான மனமும் வேண்டும். வெறும் கூடு ஸ்லைடில் செங்குத்தாக மாட்டிக்கொள்வதும், மணிக்கட்டைத் தளர்வாகப் பிடித்ததால் ஸ்லைடு முழுத் தூரம் பின்செல்லாமல் நின்றுவிடுவதும் பிஸ்டலுக்கு உரியவை. பழகியவருக்கு இவை ஒரு நொடி வேலை. பழகாதவர் அந்த இடத்திலேயே துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார். பயிற்சித் திடலில் தோட்டா வெடிக்காமல் போனால் மட்டும், எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும், குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்துக்கொண்டு அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். தாமதித்து வெடிக்கும் தோட்டாவும் உண்டு.

ரிவால்வர் ஒருபோதும் பழுதாகாது என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். தோட்டாவின் பின்புறத் தட்டு சற்றே மேலெழுந்து நின்றால் சிலிண்டர் சுழலாமல் சிக்கும். கூடுகளை வெளியேற்றும் நட்சத்திர வடிவ வெளித்தள்ளியின் அடியில் வெடிமருந்துத் தூசி படிந்தால் சிலிண்டர் மூடாது. பிஸ்டலின் சிக்கலைப் போல இவற்றைக் கையாலேயே ஒரு நொடியில் சரிசெய்யவும் முடியாது. மேலும், சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில் சூடான வாயு பக்கவாட்டில் பீறிடும். இடது கையின் விரலை முன்னால் நீட்டிப் பிடிப்பவர்களுக்குத் தோல் கிழியும். இரண்டு கைகளும் சிலிண்டருக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும் என்பது ரிவால்வரின் முதல் பாடம்.

கையின் பலம் பற்றிக் குடும்பத்தலைவிகளும் வயதானவர்களும் கேட்கிறார்கள். .32 பிஸ்டல்கள் பின்வீச்சை ஸ்லைடின் எடையாலும் சுருள்வில்லின் விறைப்பாலும் மட்டுமே தாங்கும் எளிய அமைப்புடையவை. அதனால் தோட்டா சிறியதாக இருந்தும் ஸ்லைடை இழுப்பது பலருக்குக் கடினமாக இருக்கிறது. உள்ளங்கை முழுவதையும் ஸ்லைடின் மேல் பதித்துப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கைப்பிடியை முன்னோக்கித் தள்ளினால் பாதிச் சிரமம் குறையும். மூட்டுவலி உள்ளவருக்கு அதுவும் உதவாமல் போகலாம். ரிவால்வரின் நீண்ட விசை இழுப்பும் அவர்களுக்கு எளிதல்ல. ஆகவே இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பொது விதி கிடையாது. வாங்குவதற்கு முன் அவரே கையில் எடுத்து இயக்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கணவர் கடையில் பார்த்துப் பிடித்ததை மனைவியின் பாதுகாப்புக்கென்று வாங்கிவருவது சரியான முறை அல்ல. அதோடு, உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் மட்டுமே அதைக் கையாளச் சட்டம் இடம் தருகிறது என்பதையும் வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

இப்போது சந்தையில் உள்ளவற்றைப் பார்ப்போம். 2021 அக்டோபர் 1-இல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, கைத்துப்பாக்கிகள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் நிறுவனத்தின் பொறுப்பில் வந்தன. அதன் தொழிற்சாலைகளிலிருந்து நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கும் .32 மார்க் 3 ரிவால்வர், பிரிட்டிஷ் காலத்து வெப்லி மார்க் 4-இன் வழிவந்தது. மூன்று அங்குலக் குழல், ஆறு அறைகள், எழுநூறு கிராமை ஒட்டிய எடை. பக்கத்திலுள்ள தாழ்ப்பாளை அழுத்திக் குழலைக் கீழே மடக்கினால் துப்பாக்கி நடுவில் திறந்துகொள்ளும், ஆறு கூடுகளும் ஒரே சமயத்தில் மேலெழும்பி வெளியே விழும். காலி செய்யும் எளிமையில் இதற்கு இணை இல்லை. ஒருமுறை காட்டினால் எவரும் பிடித்துக்கொள்வார்கள். மடியும் கீலும் தாழ்ப்பாளும்தான் இந்த அமைப்பின் பலவீனம். திறந்து மூடும்போது படீரென்று அறைந்து மூடுகிறவர்களின் துப்பாக்கியில் நாளடைவில் அங்கே ஆட்டம் கண்டுவிடும். இரண்டு கைகளால் மெதுவாக மூடுங்கள். விசை கனமானது, பார்வைக் குறிகள் சிறியவை. இருந்தும் முதல் துப்பாக்கியாக இதை நான் மனதார ஏற்கிறேன்.

2023 ஆகஸ்டில் வந்த பிரபல், அதே நிறுவனத்தின் புதிய .32 ரிவால்வர். எடை 675 கிராம், குழல் 76 மி.மீ., மொத்த நீளம் 177.6 மி.மீ. இதில் குழல் மடிவதில்லை. சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே சாய்கிறது. வெளிநாடுகளில் நூறாண்டுக்கும் மேலாகப் பழகிவரும் அமைப்புத்தான் இது. .32 லாங் தோட்டாவே 1896-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் பக்கவாட்டில் திறக்கும் ரிவால்வருக்காகத்தான் பிறந்தது. அந்த வகையில் தோட்டா தன் சொந்த வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது என்றே சொல்ல வேண்டும். சட்டகம் ஒரே துண்டாக இருப்பதால் மார்க் 3-இன் கீல் பிரச்சினை இதில் இல்லை. விளம்பரத்தில் 50 மீட்டர் வரை சுடலாம் என்று கூறப்பட்டதைப் படித்துவிட்டு மயங்குகிறவர்கள் உண்டு. மூன்று அங்குலக் குழலில், தொடக்கக்காரருக்கு, தற்காப்பு என்ற நோக்கத்தில் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. அதை விலக்கிப் பார்த்தாலும் இன்று புதிதாக வாங்குகிறவருக்கு என் முதல் பரிந்துரை பிரபல்தான். சிலிண்டரைத் திரைப்படங்களில் செய்வதுபோல் ஒரு சுண்டில் மூடாமல், கையால் தள்ளி மூட வேண்டும் என்பது மட்டும் இதற்கான எச்சரிக்கை.

2014 ஜனவரியில் அறிமுகமான நிர்பீக், 2012-ஆம் ஆண்டு தில்லிக் கொடுமையை நினைவுறுத்தும் பெயரோடு, பெண்களுக்கென்று சொல்லி விற்கப்பட்டது. டைட்டானியம் கலப்பு உலோகம், 500 கிராம் எடை, அறிமுக விலை 1,22,360 ரூபாய். எடை குறைந்தால் கைப்பையில் வைக்க வசதி. ஆனால் எடை குறையக் குறையப் பின்னுதைப்பு கையில் கூடும், கனத்த விசையை இழுக்கும்போது துப்பாக்கியே அசையும். முதன்முதலாகச் சுடுகிறவரின் கையில் இலகுவான துப்பாக்கியைக் கொடுப்பது அவருக்குச் செய்யும் உதவி அல்ல. பெண்களுக்கு எடை குறைந்ததுதான் ஏற்றது என்ற எண்ணமே தவறானது என்பது என் உறுதியான கருத்து. 675 கிராமும் 500 கிராமும் தூக்குவதில் பெரிய வேறுபாடு இல்லை, சுடுவதில் இருக்கிறது.

.22 அளவில் வெறும் 250 கிராம் எடையுள்ள நிடர் என்ற ரிவால்வரும் உண்டு. தற்காப்புக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. .22 தோட்டா விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் வகையாதலால், தோட்டா இல்லாமல் வெறுமனே விசையை இழுத்துப் பழகுவதும் அதில் கூடாது. தோட்டாவை அடிக்கும் ஊசிமுனை, அறையின் விளிம்பிலேயே மோதிச் சேதமாகும். உத்தரப் பிரதேசத்து ஹர்தோய் மாவட்டத்தில் வெப்லி அண்ட் ஸ்காட் பெயரில் தயாராகும் .32 ரிவால்வரும் விற்பனையில் இருக்கிறது. மடிந்து திறக்கும் அமைப்பு என்பதால் மார்க் 3-க்குச் சொன்னவை அதற்கும் பொருந்தும்.

பிஸ்டல் பக்கத்தில், மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் தயாராகும் .32 அஷானிதான் புதிதாக வாங்கக் கிடைப்பவற்றில் நன்கறியப்பட்டது. தட்டையாக இருப்பதால் இடுப்பில் வைத்து மேலே சட்டையைப் போட்டால் வெளியே தெரியாது. ரிவால்வரின் சிலிண்டர் புடைத்துக்கொண்டு நிற்கும். சித்தூர் சாலையில் சரக்குப் பணத்தோடு போய்வருகிற வியாபாரிக்கு இது உண்மையான வசதி. உரிமத்தோடு துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்பவர் அதை உறையில், பிறர் கண்ணில் படாமல் வைத்திருக்க வேண்டும் என்பதாலும் தட்டையான வடிவம் உதவுகிறது. ஓய்வுபெற்ற படைவீரர்கள் பலர் பிஸ்டலையே விரும்புவதையும் நான் புரிந்துகொள்கிறேன். பல ஆண்டுகள் கையில் ஊறிய பழக்கம் அவர்களிடம் இருக்கிறது. பாதுகாப்பு விசையை (சுடாமல் தடுத்து நிற்கும் சிறு தாழ்ப்பாள்) தள்ளுவதை அவர்கள் யோசித்துச் செய்வதில்லை. அவர்களுக்கு ரிவால்வரைத் திணிக்க வேண்டியதில்லை. மாதம் ஒருமுறையாவது திடலுக்குப் போகக்கூடிய, ஒவ்வொரு முறையும் தோட்டா ஏற்றுவதையும் காலி செய்வதையும் பொறுமையாகச் செய்து பழகுகிற இளைஞருக்கும் பிஸ்டல் பொருந்தும். மற்றவர்கள் பிஸ்டலின் அறையில் தோட்டா இல்லாமல் வைத்திருப்பார்கள். தேவைப்படும் நேரத்தில் ஸ்லைடை இழுக்க மறப்பார்கள், அல்லது பாதுகாப்பு விசையை மறப்பார்கள். இரண்டில் எதை மறந்தாலும் கையில் இருப்பது இரும்புத் துண்டுதான்.

பழகும் செலவைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. ஆண்டுக்கு எத்தனை தோட்டா வாங்கலாம், ஒரே சமயத்தில் எத்தனை வைத்திருக்கலாம் என்பது உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும், விலையும் குறைவல்ல. ஆகையால் சுட்டுப் பழகுவதைவிட, போலித் தோட்டா போட்டு விசையை இழுத்துப் பழகுவதே நம் பயிற்சியின் பெரும்பகுதியாக இருக்க வேண்டும். குழலின் மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டு, அது விழாமல் விசையை முழுமையாக இழுக்க முடிகிறதா என்று பாருங்கள். ரிவால்வரில் இந்தப் பயிற்சியைத் தொடர்ந்து ஆறு முறை செய்யலாம், பெரும்பாலான .32 பிஸ்டல்களில் ஒவ்வொரு முறையும் ஸ்லைடை இழுக்க வேண்டியிருக்கும். நீங்கள் பழகும் வீட்டு அறையிலேயே உண்மைத் தோட்டாக்கள் இருக்கக் கூடாது. உரிமம் வருவதற்கு முன்பே தொடங்க விரும்புகிறவர்கள், போட்டிகளில் பயன்படும் 4.5 மி.மீ. ஏர் பிஸ்டலில் பழகலாம். 20 ஜூலுக்கு மேற்படாத அந்த வகைக்கு உரிமம் தேவையில்லை. விசையில் விரல் வைக்கும் ஒழுக்கம் அங்கேயே வந்துவிடும்.

விண்ணப்பிக்கும்போதே எந்த வகை ஆயுதம் என்று குறிப்பிட வேண்டியிருப்பதால், இந்த முடிவைக் கடை வாசலில் எடுக்க முடியாது. வேலூர் மாவட்டத்தினர் சத்துவாச்சாரியிலுள்ள ஆட்சியர் அலுவலகத்தை அணுக வேண்டும். 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பின் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும், ஆற்காட்டுக்காரர்கள் இராணிப்பேட்டைக்கும் போக வேண்டும். விண்ணப்பதாரர் 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும், காவல் துறையின் விசாரணை அறிக்கை வர வேண்டும், துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்ற சான்றிதழும் வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் உரிமம் ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. கல்யாணத்திலோ எருது விடும் விழாவிலோ மகிழ்ச்சிக்காக வானத்தை நோக்கிச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பதற்கு இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு என்பதும் அந்தத் திருத்தத்தில்தான் வந்தது. ஜவ்வாது மலைப் பக்கம் புழங்கும் நாட்டுத் துப்பாக்கியை யாராவது குறைந்த விலைக்குத் தருகிறேன் என்றால் அதைத் தொடவே தொடாதீர்கள். அது குற்றம் மட்டுமல்ல, சுடுபவரின் முகத்திலேயே வெடிக்கக்கூடியது.

சட்டம் தரும் தற்காப்பு உரிமைக்கும் அளவு உண்டு. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அதைச் சொல்கின்றன: தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, காவல் துறையின் உதவியைப் பெற நேரம் இருந்தால் அதையே நாட வேண்டும். தோப்பில் மாங்காய் திருடி ஓடுகிறவன் முதுகில் சுடுவதற்கு எந்த உரிமமும் இடம் தராது. நல்ல கதவு, வெளிச்சமான விளக்கு, குரைக்கிற நாய் ஆகியவற்றுக்குப் பிறகுதான் துப்பாக்கி. வீட்டில் யாராவது மனச்சோர்விலோ குடிப்பழக்கத்திலோ தவித்துக்கொண்டிருந்தால், ரிவால்வரா பிஸ்டலா என்ற கேள்வியையே ஒத்திவையுங்கள். அந்த வீட்டுக்குள் துப்பாக்கி நுழையக் கூடாது.

குழந்தைகள் உள்ள வீட்டில் தலையணைக்கு அடியிலும் பீரோவின் மேல்தட்டிலும் வைப்பதை நான் கண்டித்தே பேசுவேன். சுவரில் பதித்த இரும்புப் பெட்டி வேண்டும். மார்க் 3-ஐத் திறந்த நிலையில் குழலுக்குள் கம்பிப் பூட்டைச் செலுத்திவிட்டால் அதை மூடவே முடியாது. பிரபலில் சிலிண்டரை வெளியே சாய்த்துச் சட்டகத்தின் திறப்பில் பூட்டு மாட்டலாம். பிஸ்டலில் கூடு வெளியேறும் வாயிலிலிருந்து மேகசின் துளை வழியாகக் கம்பியை இறக்கலாம். பூட்டுவதில் இரண்டுக்கும் வேறுபாடில்லை என்பதே இதிலிருந்து தெரிவது.

பராமரிப்பில் ஓர் உள்ளூர் விஷயம் இருக்கிறது. வேலூரின் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் இடுப்பில் வைத்திருக்கும் துப்பாக்கி வியர்வையில் நனைகிறது; உப்பு இரும்பைத் தின்றுவிடும். அன்றன்றே துடைத்து மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுக்க வேண்டும். தோல் தொழில் நடக்கும் பூமி என்பதால் நம்மவர்கள் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தெரிந்த தொழிலாளியிடம் சொல்லி நல்ல உறை தைத்துக்கொள்கிறார்கள். அப்படித் தைக்கும்போது குரோமில் பதனிட்ட தோலைத் தவிர்த்து, ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளில் பதனிட்ட தோலைக் கேட்டு வாங்குங்கள். குரோம் தோலில் தங்கும் உப்புகள் இரும்பையும் தோட்டாவின் பித்தளையையும் கெடுக்கும். எந்தத் தோலானாலும் வீட்டில் உறைக்குள் வைத்தபடியே மாதக்கணக்கில் பூட்டி வைக்கக் கூடாது, குறிப்பாக ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில். உறை விசைப் பகுதியை முழுவதும் மூடியிருக்க வேண்டும் என்பது ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் பொதுவான கட்டாயம்.

வாங்கும்போது விற்பனையாளரின் அனுமதியோடு சோதிக்க வேண்டியவை உண்டு. ரிவால்வரில் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, விசையை இழுத்துப் பிடித்தபடியே சிலிண்டரை விரலால் அசைத்துப் பாருங்கள்; ஆறு அறைகளிலும் அது உறுதியாக நிற்க வேண்டும். மார்க் 3-இல் கீலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், பிரபலில் வெளித்தள்ளும் தண்டு வளையாமல் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பிஸ்டலில் ஸ்லைடு பின்னால் பூட்டி நிற்கிறதா, மேகசின் பொத்தானை அழுத்தியதும் தடையின்றி விழுகிறதா என்பதே முதல் சோதனை. பழைய வெளிநாட்டுப் பிஸ்டலைக் கைமாற்றாக வாங்குகிறவர் கூடுதல் மேகசின் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்; அது இல்லாமல் வாங்கினால் பிறகு தேடிக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். துப்பாக்கியின் மேல் பொறித்துள்ள எண்ணும் பில்லில் எழுதிய எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். உரிமத்தில் ஏறப்போவதும், தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும்போது ரசீதில் எழுதப்படுவதும் அதே எண்தான்.